ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி ஒரு சின்ன ஊர்: காஞ்சிபுரம் ரூட்டில் எங்கே இறங்கலாம், எப்படித் தேர்வு செய்யலாம்?

லீவு ஒரு நாள்தான் இருக்கு, கார் இல்லை, ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் மாட்டவும் மனசில்லை. ரயில் ஏறி, பழைய ஊர் ஒன்றைப் பார்த்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பணும். சென்னையில் இருக்கும் பலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆனா ஊர் அழகா இருந்தா மட்டும் போதாது. ஸ்டேஷன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கணும், திரும்ப ரயில் இருக்கணும், நாம போய்ச் சேரும்போது கோயில் நடை திறந்திருக்கணும். இதில் ஒன்று தவறினாலும் ஞாயிற்றுக்கிழமை பிளாட்பாரத்திலேயே கழிஞ்சிடும்.

செங்கல்பட்டு – காஞ்சிபுரம் – அரக்கோணம் வழித்தடம் இந்த மாதிரிப் பயணத்துக்கு நல்ல இடம். பட்டும் கோயிலும் உள்ள காஞ்சிபுரத்தோடு, பலரும் ஜன்னல் வழியா மட்டுமே பார்த்துட்டுப் போகும் சில சின்ன ஸ்டேஷன்களும் இந்த ரூட்டில் இருக்கு.

காஞ்சிபுரத்துக்கு ஏன் ரயில் கம்மி?

சென்னையிலிருந்து சாலை வழியா சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊர். வருஷம் முழுக்கக் கூட்டம் வருது. அப்படியிருந்தும் தாம்பரம் மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் ஏன் இல்லை? காரணம் 19ஆம் நூற்றாண்டில் இருக்கு.

1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறந்தபோது அது அரக்கோணம் வழியா போச்சு. காஞ்சிபுரம் அந்தப் பாதைக்குத் தெற்கே ஒதுங்கி நின்னுடுச்சு. அந்தக் குறையைத் தீர்க்க இந்தியன் டிராம்வே கம்பெனி 1865ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு குட்டி ரயில் பாதை போட்டது. மூன்றரை அடி அகலம்தான். பின்னாடி அது மீட்டர் கேஜ் ஆகி, செங்கல்பட்டு வரை நீண்டு, கடைசியில் அகலப் பாதையாகவும் ஆனது. ஆனாலும் இரண்டு பெரிய பாதைகளை இணைக்கும் கிளைப் பாதை என்ற அந்தஸ்து மட்டும் மாறவே இல்லை. பாதை ஒற்றை வழி. எதிர் ரயிலுக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் நேரமும் பயண நேரத்தோடு சேர்ந்துக்கும்.

ஒரு சின்ன தகவல்: காஞ்சிபுரம் ஸ்டேஷனின் ரயில்வே குறியீடு இன்னமும் 'சி.ஜே.' தான். ஆங்கிலேயர் வாயில் 'கான்ஜீவரம்' ஆன காலத்தின் மிச்சம் அது. புடவைக் கடை போர்டிலும் ரயில்வே கம்ப்யூட்டரிலும் மட்டும் அந்தப் பேர் உயிரோட இருக்கு.

இப்படிக் கிளைப் பாதையில் ஒதுங்கிய அழகான ஊர் நமக்கு மட்டும் இல்லை. ஜெர்மனியில் கோட்டைச் சுவருக்குள்ளே இருக்கும் ரோத்தன்பர்க் என்ற சின்ன ஊர் உலகப் புகழ் பெற்றது. ஆனா பெரிய ரயில் எதுவும் அங்கே போகாது. ஸ்டைனாக் என்ற ஸ்டேஷனில் இறங்கி குட்டி ரயில் மாறித்தான் போகணும். அங்கே ஒரு வசதி உண்டு: 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2025ல் 58 யூரோ ஆன மாதச் சீட்டை வெச்சுக்கிட்டு நாடு முழுக்க எந்த உள்ளூர் ரயிலிலும் ஏறலாம். நம்ம ஊரில் அப்படி ஒரு சீட்டு இல்லை. ஆனா நம்ம புறநகர் ரயில் கட்டணத்தைப் பார்த்தா அவங்க பொறாமைப்படுவாங்க. பீச் ஸ்டேஷனிலிருந்து காஞ்சிபுரத்துக்கு இரண்டாம் வகுப்பில் போக, நல்ல ஹோட்டலில் இரண்டு காபி குடிக்கிற காசுகூட ஆகாது.

ரயிலில் எப்படிப் போறது?

சென்னை பீச்சிலிருந்து எழும்பூர், மாம்பலம், தாம்பரம், செங்கல்பட்டு வழியா காஞ்சிபுரம், திருமால்பூர் வரை புறநகர் ரயில்கள் போகுது. பீச்சில் ஏறினா காஞ்சிபுரத்துக்கு சுமார் இரண்டரை மணி நேரம். 2019ல் தொடங்கிய வட்ட ரயில் சேவையும் உண்டு. பீச்சில் கிளம்பி ஒரு பக்கம் அரக்கோணம், இன்னொரு பக்கம் செங்கல்பட்டு எனச் சுற்றி, மறுபடி பீச்சுக்கே வந்து சேரும் ரயில் அது. இந்த ரூட்டில் நாள் முழுக்கவே ரயில்கள் கம்மி. ஞாயிறு, பண்டிகை நாள், பராமரிப்பு வேலை நடக்கும் நாள்களில் நேரம் மாறும். அதனால முந்தின நாள் ராத்திரி ரயில்வே ஆப்பில் ஒரு தடவை பார்த்துடுங்க. போற ரயிலை மட்டும் பார்த்தா பத்தாது, திரும்புற ரயிலைத்தான் முதல்ல பார்க்கணும்.

பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கு. நேரடி ரயில் சரியான நேரத்தில் இல்லைன்னா, செங்கல்பட்டு வரை அடிக்கடி கிடைக்கும் புறநகர் ரயிலில் போய் அங்கிருந்து காஞ்சிபுரம் பஸ் பிடிக்கலாம். திரும்பும்போதும் இதே மாதிரி பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து ரயில். காலையில் ரயில், மாலையில் பஸ்ஸும் ரயிலும் என்று கலந்து போறதுதான் இந்த ரூட்டில் நிம்மதியான திட்டம்.

இன்னொன்று, இதைச் சொல்லியே ஆகணும். சென்னை புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க, சர்க்கரை நோய் இருக்கிறவங்க கூட வந்தா பீச்சில் ஏறி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து போறது கஷ்டம். தாம்பரத்தில் ஏறுங்க, இல்லைன்னா செங்கல்பட்டில் இறங்கி ஒரு இடைவெளி விட்டுப் போங்க. டிக்கெட்டை ஆப்பில் எடுக்கிறதா இருந்தா வீட்டிலேயே எடுத்துடுங்க. ஸ்டேஷனுக்குள்ளே நுழைஞ்ச பிறகு எடுக்கணும்னா அங்கே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ண வேண்டி வரும்.

போற வழியில் செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி கொளவாய் ஏரி தெரியும். இடம் கிடைச்சா அந்தப் பக்கம் உட்காருங்க. செங்கல்பட்டு தாண்டினதும் கூட்டம் குறையும். வயல், பனை, பாலாற்று மணல்னு ரயில் மெதுவா நகரும்.

காஞ்சிபுரம்: எட்டு மணிக்குள்ள இறங்கினா பாதி ஜெயிச்ச மாதிரி

காஞ்சிபுரத்தில் பெரும்பாலான கோயில்கள் மதியம் 12, 12.30 வாக்கில் மூடி, 4 மணிக்கு மேலதான் திறக்கும். சுற்றுலா வர்றவங்க அதிகமா ஏமாறுவது இங்கேதான். பத்தரை மணிக்கு வந்து இறங்கி, டிபன் சாப்பிட்டு, ஒரு கோயில் வரிசையில் நின்னா அதோட காலைப் பொழுது முடிஞ்சிடும். அதனால நம்ம கணக்கு இதுதான்: காலையில் நாலு கோயில், மதியம் தறி, மாலையில் வரதர்.

கிழக்கு காஞ்சிபுரம், காஞ்சிபுரம் என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன் இருக்கு. நீங்க இறங்க வேண்டியது பிரதான ஸ்டேஷனில். அங்கிருந்து நடக்கிற தூரத்திலேயே இருக்கு வைகுண்டப் பெருமாள் கோயில். பெரும்பாலானவங்க இதை விட்டுட்டு நேரா காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஆட்டோ பிடிக்கிறாங்க. நம்ம பரிந்துரை, இங்கேயே ஆரம்பிங்க. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் கட்டிய கோயில். திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான். பெருமாள் மூன்று நிலைகளில் இருந்த, கிடந்த, நின்ற கோலங்களில் இருக்கார். அதைவிட அபூர்வமான விஷயம், சுற்றுப் பிரகாரத்தின் சுவரில் வரிசையா இருக்கும் சிற்பங்கள். பல்லவர் வம்ச வரலாறே அங்கே கல்லில் இருக்கு. அரசன் வாரிசில்லாமல் இறந்த பிறகு, தூரத்து உறவில் பிறந்த சிறுவன் நந்திவர்மனைத் தேடிக் கூட்டி வந்து முடி சூட்டிய கதையும் அதில் வருது. ஒரு அரசு தன் வரலாற்றைத் தானே காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமா செதுக்கி வெச்சது இந்தியாவிலேயே அபூர்வம்.

அங்கிருந்து காமாட்சி அம்மன் கோயில், பிறகு ஏகாம்பரநாதர் கோயில். ஏகாம்பரநாதர் பஞ்சபூதத் தலங்களில் நிலம். 1509ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரம் 59 மீட்டர் உயரம், ஊருக்குள்ளே எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். தல மரம் மாமரம். கூட்டம் அதிகமா இருந்தா வெளிப் பிரகாரத்தையும் மாமரத்தையும் பார்த்துட்டு நகருங்க. ஏன்னா அடுத்தது கைலாசநாதர், அதை மட்டும் தவற விடக் கூடாது.

கைலாசநாதர் கோயில் ஊரின் மேற்கு ஓரத்தில், தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கு. ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. மணற்கல். சுற்றிலும் 58 சின்னச் சின்னச் சன்னதிகள். சிலவற்றில் குனிஞ்சு உள்ளே பார்த்தா பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம், ஒரு கண், ஒரு தோள், கொஞ்சம் சிவப்புன்னு தெரியும். பெரிய கோயில்களில் இருக்கும் நெரிசல் இங்கே இல்லை. கருவறையைச் சுற்றி வர, தவழ்ந்து நுழையும் அளவுக்குக் குறுகலான ஒரு வழி இருக்கு. முழங்கால் வலி உள்ளவங்க அதை முயற்சி பண்ண வேண்டாம்.

இந்தக் கோயில் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கு. காஞ்சியை ஜெயிச்ச சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துட்டு, எடுத்துட்டுப் போகாம அப்படியே கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு. எதிரி நாட்டில் போய் கல்வெட்டு வெச்சு 'நான் எதையும் எடுக்கலை'ன்னு சொன்ன ராஜா வேற யாராவது இருக்காங்களான்னு தெரிஞ்சா கமெண்டில் சொல்லுங்க.

மதியம் தறி பார்க்கலாம், ஆனா எப்படி?

கைலாசநாதர் கோயில் இருக்கும் பிள்ளையார்பாளையம் நெசவாளர் பகுதி. மதியம் கோயில் மூடியிருக்கும் நேரத்தை இங்கே செலவு பண்ணலாம். வீட்டுக்குள்ளே குழித்தறி. சில தெருக்களில் காலை வேளையில் பாவு நீட்டி வேலை செய்வதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் குழியில் தண்ணி ஊறினா தறி நிற்கும், அன்றைக்குக் கூலியும் நிற்கும்.

யார் வீட்டுக்குள்ளேயும் கேட்காம நுழையாதீங்க. 'அண்ணா, தறி பார்க்கலாமா'ன்னு வாசலில் நின்னு கேளுங்க. பெரும்பாலும் 'வாங்க'ன்னுதான் சொல்வாங்க. போட்டோ எடுக்கும் முன்னாடி அதையும் கேளுங்க. தறியில் இருப்பது யாரோ ஆர்டர் கொடுத்த டிசைனா இருக்கலாம், அது இன்ஸ்டாகிராமில் வந்தா அவங்களுக்குச் சிக்கல்.

அங்கே பார்க்க வேண்டியது கோர்வை. காஞ்சிப் பட்டின் அடையாளமே அதுதான். உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். இதை மூன்று நாடா வெச்சு நெய்து, ஒவ்வொரு வரியிலும் உடல் நூலையும் கரை நூலையும் கோத்து இணைக்கிறாங்க. ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ள பழைய முறையில் கூட ஒரு ஆள் உட்காரணும். முந்தானையை வேற நிறத்தில் இணைப்பது பெட்னி. பாவு நூலை ஒவ்வொன்றா மாற்றிப் பிணைக்கும் வேலை அது. டிசைனைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாள் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம்.

பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருது, ஜரிகை சூரத்திலிருந்து வருது. தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் என்ற அரசு ஆலையும் காஞ்சியிலேயே இருக்கு. அதாவது காஞ்சியின் சொந்தச் சரக்கு என்பது கை வேலைதான். அந்தக் கையைத் தேடித்தான் இப்போ பிரச்னை. பல வீடுகளில் பிள்ளைங்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போயிட்டாங்க. மாசம் பிறந்தா சம்பளம், பஸ், கேன்டீன். தறியில் புடவை முடிஞ்சாதான் கூலி. பிரியதர்ஷன் இயக்கத்தில் பிரகாஷ் ராஜ் தேசிய விருது வாங்கிய 'காஞ்சிவரம்' படம் பார்த்தவங்களுக்கு இந்த வலியின் பழைய அத்தியாயம் தெரியும்.

புடவை வாங்குறதா இருந்தா

ஒரு நாள் டூர் என்று வந்து, கிளம்பும்போது பெரிய தொகைக்குப் புடவை வாங்கிட்டுப் போறவங்கதான் அதிகம். அதனால இதையும் பார்த்துடுவோம்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. கைத்தறிக்கு மட்டும்னு சில ரகங்களை ஒதுக்கி 1985ல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கு. இவ்வளவு இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய புடவை, வேற ஊர்ப் பட்டு, பட்டு மாதிரி மினுக்கும் செயற்கை இழை எல்லாம் 'காஞ்சிப் பட்டு' பேரில் இங்கேயே விற்குது. ஆரணிக்குத் தனியா நல்ல பேர் இருக்கு, தனிக் குறியீடும் இருக்கு. ஆரணிப் பட்டை ஆரணிப் பட்டுன்னு சொல்லி விற்றா யாருக்கும் குறை இல்லை. காஞ்சி விலைக்கு விற்றாதான் பிரச்னை.

ஸ்டேஷன், கோயில் வாசலில் 'நேரா நெசவாளர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்'னு யாராவது சொன்னா உஷார். கமிஷன் கிடைக்கும் கடைக்குக் கூட்டிட்டுப் போற வழக்கம் எல்லாச் சுற்றுலா ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. முன்னறையில் காட்சிக்கு ஒரு தறி, பின்னாடி பெரிய ஷோரூம் என்றால் புரிஞ்சுக்குங்க. அந்தக் கமிஷன் உங்க பில்லில்தான் சேரும், நெசவாளர் கூலியில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

என்ன பார்க்கணும்? புடவையைத் திருப்பிப் போட்டு, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்க. கோர்வையா இருந்தா இரண்டு நிற நூலும் ஒன்றோடொன்று கோத்து நிற்பது பின்பக்கம் தெரியும், விரலால் தடவினாலும் லேசா மேடு தெரியும். சில்க் மார்க், கைத்தறி முத்திரை இரண்டும் தனித்தனி. சில்க் மார்க் அது பட்டு என்பதற்கு மட்டும்தான் சாட்சி, கையால் நெய்ததுக்கு இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கிட்டு ஏமாந்தவங்க ஏராளம். முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றிரண்டை எடுத்துக் கொளுத்தினா, பட்டு முடி கருகின வாசனை வந்து சாம்பலா உதிரும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும். ஜரிகைதான் கண்ணால் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்கம் ஏற்றியது. 'அரை ஜரிகை', 'டெஸ்டெட் ஜரிகை'ன்னு கடையில் சொல்றதெல்லாம் வேற வேற சரக்கு. எது என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. எழுத யோசிச்சா நீங்களும் யோசிங்க.

பேரம் பேசத் தெரியாதவங்களுக்கு எங்க யோசனை, ஊரில் இருக்கும் பட்டு கைத்தறி கூட்டுறவு சங்கங்களின் கடைகள், இல்லைன்னா கோ-ஆப்டெக்ஸ். ஏசி ஷோரூம் மாதிரி பளபளப்பு இருக்காது, டிசைன் கொஞ்சம் பழசா இருக்கலாம். ஆனா நெய்தவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். போறதுக்கு முன்னாடி ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கான்னு போன் போட்டுக் கேட்டுக்குங்க.

மாலை: வரதர், இட்லி, அண்ணா வீடு

நாலு மணிக்கு மேல சின்ன காஞ்சிபுரம் எனப்படும் விஷ்ணு காஞ்சி. வரதராஜப் பெருமாள் கோயில் ஸ்டேஷனிலிருந்து தூரம், ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ வேணும். நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியைப் பார்க்காம வரக் கூடாது. 40 வருஷத்துக்கு ஒரு தடவை அத்தி வரதர் வெளியே வரும் அனந்தசரஸ் குளம் இங்கேதான். 2019ல் 48 நாள் தரிசனத்தின்போது காஞ்சிபுரமே திணறியது ஞாபகம் இருக்கும். அடுத்தது 2059ல்.

காஞ்சிபுரம் இட்லிக்குத் தாய்வீடு இந்தக் கோயில் மடப்பள்ளி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, இலை போட்ட மூங்கில் குடலையில் வேக வைப்பது. நீளமா வெந்ததை வட்டமா அறுத்துத் தருவாங்க. சென்னை ஹோட்டலில் 'காஞ்சிபுரம் இட்லி'ன்னு முந்திரி வெச்சுத் தர்றதை மனசில் வெச்சுக்கிட்டு வந்தா ஏமாற்றமா இருக்கும். இது கொஞ்சம் கனமா, காரமா இருக்கும். சட்னி தேவைப்படாது.

நேரம் இருந்தா அறிஞர் அண்ணா வாழ்ந்த வீடு நினைவு இல்லமா இருக்கு, அதைப் பார்க்கலாம். ஒரு முதலமைச்சர் இவ்வளவு சின்ன வீட்டிலா இருந்தார்னு இன்றைய தலைமுறைக்கு ஆச்சரியமா இருக்கும். அமைதி வேணும்னா வேகவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருப்பருத்திக்குன்றம். ஒரு காலத்தில் ஜின காஞ்சி. அங்கே திரைலோக்கியநாதர் சமணக் கோயிலின் மேற்கூரை ஓவியங்கள் ரொம்ப அழகு. மணிமேகலை கடைசியில் வந்து சேர்ந்த ஊரும் இந்தக் காஞ்சிதான் என்பதைத் தமிழ் படிச்சவங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் நாலும் ஒரே ஊரில் வாதம் பண்ணிக்கிட்டிருந்த காலம் அது.

பங்குனி உத்திரம், மாசித் தேர், வைகாசி கருட சேவை நாள்களில் ஊர் திருவிழாக் கோலத்தில் இருக்கும். கொண்டாட்டம் பார்க்கணும்னா அப்போ வாங்க. சிற்பம் பார்க்கணும்னா அந்த நாள்களைத் தவிர்த்துடுங்க.

காஞ்சி பார்த்தாச்சா? பழையசீவரத்தில் இறங்குங்க

செங்கல்பட்டுக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கு பழையசீவரம். சின்ன ஸ்டேஷன். குன்றின் மேல் லட்சுமி நரசிம்மர் கோயில், கீழே பாலாறு. மாட்டுப் பொங்கல் அன்றைக்குக் காஞ்சி வரதர் பல்லக்கில் கிளம்பி இங்கே பார்வேட்டைக்கு வருவார். மற்ற நாள்களில் பெரிய கூட்டம் இல்லை.

ஆற்றுக்கு அக்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். அங்கே அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கு. 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையைப் பற்றி அது விவரிக்குது. வீரசோழன் ஆதுலர் சாலை என்று பேர். மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், மருந்து கொண்டுவருபவர் என யார் யாருக்கு எவ்வளவு ஊதியம், இருப்பில் என்னென்ன மருந்து இருக்கணும், ராத்திரி விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பது வரை கணக்கு இருக்கு. கோயிலோடு சேர்ந்த பள்ளியும் மாணவர் விடுதியும்கூட அதில் வருது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிராமத்தில் இருந்த ஆஸ்பத்திரியின் ஆர்டர் காப்பி அது. நம்மைக் கேட்டா, இந்த ரூட்டில் காஞ்சிக்கு அடுத்து இதுக்குத்தான் மார்க். கடை கண்ணி கம்மி, தண்ணி பாட்டிலும் சாப்பாடும் எடுத்துட்டுப் போங்க. வெயில் நாளில் ஆற்றுப் பாலத்தை மதியம் நடந்து கடக்க நினைக்காதீங்க.

காஞ்சி தாண்டினா திருமால்பூர். திருமால் தன் கண்ணையே பூவாக வைத்துச் சக்கரம் பெற்றதாகச் சொல்லும் மணிகண்டீஸ்வரர் கோயில் இருக்கு. அதுக்கு அடுத்து தக்கோலம். 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்க காதுக்குப் பழக்கமான பேர். 949ல் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே இறந்த களம். போர்க்களம் என்று காட்ட இப்போ அங்கே எதுவும் இல்லை. சம்பந்தர் பாடிய ஜலநாதீஸ்வரர் கோயில், வயல், காற்று அவ்வளவுதான். வரலாற்றுப் பைத்தியம் உள்ளவங்க மட்டும் போங்க. மற்றவங்க கூட வந்தா 'இதுக்கா வந்தோம்'னு கேட்பாங்க.

ஸ்டேஷன் பேரை நம்பலாமா?

ஊர் தேர்வு செய்யும்போது மேப்பில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சோளிங்கர் ஸ்டேஷன் இருப்பது பாணாவரத்தில். மலையும் கோயிலும் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. மாறா, திருத்தணியில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே மலை தெரியும், சென்னையிலிருந்து புறநகர் ரயிலும் நேரடியா இருக்கு. மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது. குடவோலைக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூருக்கும் கிடையாது, காஞ்சியிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ பஸ்தான். தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து ஓடிய ரயில் 1980களில் நின்னு போச்சு.

இரண்டு நாள் லீவு கிடைச்சா கணக்கே வேற. ராத்திரி எழும்பூரில் ஏறி காலையில் கும்பகோணம். பக்கத்து ஸ்டேஷன் தாராசுரம், 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐராவதேஸ்வரர் கோயில் அங்கே இருக்கு. காஞ்சித் தறி பார்த்தவங்களுக்கு, அதே பக்கத்தில் இருக்கும் திருபுவனத்தையும் பார்த்து ஒப்பிட ஆசை வரலாம். அந்த ஊர்ப் பட்டுக்கும் 2019ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. சிதம்பரமும் இதே மாதிரிதான், ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஆட்டோவில் சில நிமிஷம்.

கடைசி ரயிலை விட்டுட்டா?

காஞ்சிபுரத்தில் பதற வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு ஊர் நடுவிலேயே இருக்கு, சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் இரவிலும் பஸ் கிடைக்கும். ஆனா பழையசீவரம், தக்கோலம் மாதிரி ஊர்களில் இருட்டின பிறகு ஸ்டேஷனில் ஆளே இருக்க மாட்டாங்க. அங்கெல்லாம் மாலை ஐந்து மணிக்கே கிளம்பும்படி திட்டம் போடுங்க. காலையில் உங்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரரின் நம்பரையும் வாங்கி வெச்சுக்குங்க.